ஏசுதாஸ் முகர்ந்த ஆறு கிளாஸ்

மாமல்லபுரம் கடற்கரையோரம் இருந்த அந்த ஹோட்டலில் ஏசுதாஸ் பத்தொன்பது வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் மெனு கார்டைத் திறக்கிற விதத்தை வைத்தே இறால் கேட்பானா, ஆம்லெட்டோடு எழுந்துவிடுவானா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரை 2006 ஜனவரியில் மானேஜர் சம்பத் வகுப்பில் உட்காரவைத்தார். மூன்று நாள், தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு. சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, சர்வர்கள் கொஞ்சம் கண்ணயரும் நேரம் அது.

பாடம், ஒயின் திராட்சை. சொல்லித்தர வந்தவன் நிதின், சென்னைக்காரன், இருபத்தாறு வயது. அந்த உப்புக் காற்றிலும் கோட்டைக் கழற்றவில்லை.

"பிராந்திக் கடைக்கெல்லாம் ஒயின்ஸுன்னு போர்டு மாட்டிக்கீறான். உள்ள போயி ஒயின் கேளு, சிரிப்பான். இதுல நமக்குக் கிளாஸு வேற," என்று கூடப் பரிமாறும் அப்பாஸிடம் முணுமுணுத்தார் ஏசுதாஸ்.

நிதின் மேஜையில் ஆறு பாட்டில் வைத்தான். மூன்று சிவப்பு, மூன்று வெள்ளை.

"எந்தத் திராட்சையா இருந்தாலும் சதை கிட்டத்தட்ட வெளுப்புதான். கலர் தோல்ல இருக்கு. தோலோட ஊறவெச்சா ரெட். தோலை ஒதுக்கிட்டுப் பிழிஞ்சா ஒயிட்."

அது ஒன்றுதான் ஏசுதாஸுக்கு உருப்படியான பேச்சாகப் பட்டது. அப்புறம் வந்ததெல்லாம் பீற்றல்.

"இது கேபர்னே சாவிஞான். பிளாக்கரன்ட் வாசனை வருதா?"

"அது இன்னா பழம் சார்? நீங்க துன்னுகீறீங்களா?"

நிதின், "படிச்சிருக்கேன்," என்றான். வகுப்பே சிரித்தது. அவன் காது சிவந்துவிட்டது.

"உங்க மூக்கு பிராந்திக் கடை மூக்கு. உங்களுக்கு இதெல்லாம் ஏறாது."

ஏசுதாஸுக்குச் சுருக்கென்றது. கூடையைத் தொடாமலே இது இன்றைய மீன், இது நேற்றைய மீன் என்று சொல்லுகிற மூக்கு அது. மீசை சரியாக முளைக்காத பயல், பார்க்காத பழத்துக்கு வாசனை சொல்லுகிறவன், இதைப் பழிக்கிறானா? அந்த ரோஷத்திலேயே உட்கார்ந்து படித்தார். ஆர்டர் எடுக்கும் நோட்டில் தன் பாஷையில் எழுதிக்கொண்டார். கேபர்னே என்றால் குடைமிளகாய் நறுக்கின வாசம், குடித்தால் பாக்கு மென்ற மாதிரி வாய் இழுக்கும். மெர்லோ அதைவிடச் சாது, கனிந்த பிளம்ஸ். ஷிராஸ், மை மாதிரி கறுப்பு. சாவிஞான் பிளாங்க் கொய்யாக்காயும் அப்போது வெட்டின புல்லும். சார்டனே உருக்கின வெண்ணெய். அது மரப்பீப்பாயில் மறுபடி புளிக்கவைத்ததால் வருகிற வாசமாம். ரீஸ்லிங்கை முகர்ந்ததும் எலுமிச்சை வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

"கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது சார்."

எல்லோரும் சிரிக்க, நிதின் மட்டும் சிரிக்கவில்லை. "பழைய ரீஸ்லிங்ல அது வரும். கரெக்ட்," என்றான், பிடிக்காத மாத்திரையை விழுங்குகிறவன் போல.

"இத்தையும் ஆசையா வாங்கிக் குடிக்கிறானுங்களே!" என்று ஏசுதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நிதின் கடலில் இறங்கி ஆட்டம் போட்டான். மறுநாள் தும்மிக்கொண்டே வந்தான். கண் கலங்கியிருந்தது, மூக்கு முழுசாக அடைத்திருந்தது. அன்றைக்குப் பார்த்து முதலாளி கோபாலகிருஷ்ணன் வகுப்பைப் பார்வையிட வந்துவிட்டார். பாட்டில்களைத் திரைக்குப் பின்னால் வைத்துத் தன் கையாலேயே ஆறு கிளாஸில் ஊற்றினார்.

"முதல்ல வாத்தியார் சொல்லட்டும்."

நிதின் ஒவ்வொன்றாக முகர்ந்தான். ரீஸ்லிங்கைச் சார்டனே என்றான். கேபர்னேயை ஷிராஸ் என்றான். முதலாளி சிரித்தார். "அடுத்தது யாரு?"

ஏசுதாஸ் எழுந்தார். கிளாஸில் மூக்கை வைத்து வைத்து எடுத்தார். வெள்ளை மூன்றும் சரி. கேபர்னேயும் சரி. மிச்ச இரண்டு சிவப்பை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொன்னார்.

"பார்த்தியா சம்பத்? தட்டு தூக்குறவனுக்குத் தெரியுது, இந்தக் கோட்டுக்குத் தெரியல. பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்பச் சொல்லு. இனிமே இவரே பாடம் எடுக்கட்டும்," என்றார் முதலாளி.

நிதின் தலை குனிந்தான். ஏசுதாஸ் மூன்று நாளாக ஆசைப்பட்ட காட்சிதான். ஆனால் "தட்டு தூக்குறவன்" என்ற சொல் அவருக்கு உறைத்தது. இந்த முதலாளிக்குத் திராட்சையும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். லேபிளைப் பார்க்காமல் எதையும் எடைபோடத் தெரியாது.

"அவருக்கு மூக்கடைச்சிக்கினுகீது சார். எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? சொல்லிக்குடுத்ததே அவருதான். மூக்கடைச்சா நீங்க சொல்லிடுவீங்களா?"

சம்பத் தரையைப் பார்த்தார். முதலாளி வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "சரி சரி, நடத்துங்க," என்று வெளியேறினார். அதற்கப்புறம் ஏசுதாஸைக் கண்டால் அவர் பேசுவதில்லை. அதில் ஏசுதாஸுக்கு நிம்மதிதான்.

வகுப்பு முடிந்ததும் நிதின் வாசலில் காருக்காக நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து ஏசுதாஸ் பக்கத்தில் போனார்.

"ஷிராஸை மெர்லோன்னு சொல்லிட்டீங்க," என்றான் நிதின், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ஷிராஸ்ல மிளகு வரும். இவ்ளோ ஈஸியானதை விட்டுட்டீங்களே."

"போ சார், வண்டி வந்துடுச்சி," என்றார் ஏசுதாஸ். திமிர் பிடித்தவன்!

கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே போய், கழுவாமல் கிடந்த ஷிராஸ் கிளாஸை எடுத்து முகர்ந்தார். மிளகுதான்.

"த்தூ," என்றார். யாரைத் துப்பினார் என்று மேஜை துடைத்துக்கொண்டிருந்த அப்பாஸுக்குப் புரியவில்லை.