நான்கு மூட்டை குப்பை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, என் மேசைக்கு வந்தது. பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பெடுப்பது என் வேலை. கதை எழுதுவது சம்பளமில்லாத கெட்ட பழக்கம்.

நூலகப் படிகளில் வெயில் மெல்ல... (வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே மூடி வைத்துவிடுவேன்.)

2

நடந்தது இதுதான். மாணவர்கள் கையால் எழுதி ஒட்டிய சுவர்ப் பத்திரிகையை நிர்வாகம் கிழித்துப் போட்டது. அதை எதிர்த்து முப்பது பேர் நூலகப் படிகளில் ஓரமாக, வழியை மறிக்காமல், நான்கு மணிநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகையை நடத்திய மாணவியின் மேல் குற்றச்சாட்டு வந்தது. உட்கார்ந்ததற்காக அல்ல; அப்படி எழுத நிர்வாகத்துக்கே கூச்சம். வளாகத்தை அசுத்தம் செய்தாளாம். ஆதாரம் துப்புரவுப் பதிவேடு: ‘நூலகப் படிகள், நான்கு மூட்டை குப்பை.’ பக்கத்தில் அங்கே பெருக்கும் அம்மாவின் கையெழுத்து. நிரூபணமானால் மாணவியை நீக்கிவிடுவார்கள்.

3

மாணவியை முதலில் வீராங்கனையாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். விசாரணையில் அவள் குரல் நடுங்கியது, இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். அந்த நடுக்கத்தோடேயே மன்னிப்புக் கேட்க மறுத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

4

பெருக்கும் அம்மாவை அழைத்தார்கள். கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். குழுத் தலைவர் போகலாம் என்று கைகாட்டினார். அவர் போகவில்லை.

“நாலு மூட்டைன்னு சூப்பர்வைசர் மாசம் பொறந்ததுமே எல்லா நாளுக்கும் எழுதி வச்சிடுவாரு சார். நான் கையெழுத்துதான் போடுவேன். அன்னைக்கு நான் விளக்குமாத்தையே தொடல. புள்ளைங்களே பெருக்கிட்டுப் போயிட்டாங்க.”

செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். ஒப்பந்த வேலை, நாளைக்கே நிறுத்திவிடலாம். தலைவர் என் பக்கம் திரும்பி, இதெல்லாம் குறிப்பில் வேண்டாம் என்றார்.

5

முதல் முடிவு: நான் எழுந்து நின்று... (நான் எழுந்து நிற்கிற ஆள் இல்லை. என் மனைவியைக் கேளுங்கள், சிரிப்பாள்.)

இரண்டாம் முடிவு: தலைவர் மனம் மாறி... (கதைக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?)

உண்மையில் நான் பேனாவை மூடினேன். மாணவியை நீக்கினார்கள்.

6

வெளியே அந்த அம்மா எனக்காகக் காத்திருந்தார்.

“நான் சொன்னதை எழுதிக்கிட்டீங்கல்ல சார்?”

தலையாட்டினேன். அவர் நிம்மதியாக நடந்து போனார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளை காலை மேல்முறையீடு. என் குறிப்பு முழுமையானது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதாவது, செய்யாத வேலைக்கு நானும் ஒரு கையெழுத்து. உண்மையை எழுதினால் அந்த அம்மாவின் வேலை போகுமே என்ற நல்ல சாக்கு ஒன்றும் கைவசம் இருக்கிறது. ஆனால் எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டவரே அவர்தான்.

மேலே உள்ள நான்காம் பகுதியைத் தனித்தாளில், தேதியிட்டு, படியெடுத்துவிட்டேன். பழைய குறிப்பும் பக்கத்தில் இருக்கிறது. பேனா திறந்திருக்கிறது. இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துவிட்டீர்கள். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவேன் என்று நீங்களே சொல்லுங்கள்.