அட்டவணையில் இல்லாத நாட்கள்

"வாராந்திர அறிக்கையை அனுப்பிடட்டுமா? இந்த வாரமும் ஒண்ணும் ஸ்பெஷலா இல்லை" என்றான் நவநீத்.

ரோஹிணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் இரு."

ஸ்டுட்கார்ட்டில் அவர்கள் வேலை பார்க்கும் நோய்க் கண்காணிப்பு மையத்துக்கு, சுற்றுவட்டார மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து தினமும் காலையில் விவரம் வரும். யார் வந்தார் என்பது வராது. என்ன உபாதையோடு வந்தார் என்பது மட்டும் வரும். அதை நாள்வாரியாக எண்ணி அட்டவணையாக்கி, வழக்கத்தை மீறி ஏறும் நாளில் சிவப்புப் புள்ளி வைக்கும் நிரலை எழுதியவன் நவநீத். சில மாதங்களுக்கு முன் கார்ல்ஸ்ரூஹேயில் படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தவள் ரோஹிணி.

கதவைத் தள்ளிக்கொண்டு லிசா வந்தாள். மருத்துவமனைகளோடு பேசுவது அவள் பொறுப்பு. பிறந்தது ஜெர்மனியில், பேச்சு மட்டும் அப்படியே யாழ்ப்பாணம்.

"அக்கா, மலைப்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நேர்ஸ் கோல் எடுத்தவா. இந்தக் கிழமை வயித்தாலை இரத்தமாப் போய்ச் சின்னப் பிள்ளையள் வந்திருக்கினமாம். ஒரு பிள்ளைக்குக் கிட்னியும் பழுதாகுதாம். உங்கட கொம்ப்யூட்டர் ஏன் வாயே திறக்கேல்லை எண்டு கேக்கிறா."

"ஒரு நர்ஸ் சொல்றது டேட்டா இல்லை, லிசா. கிராஃப் ஃபிளாட்டா இருக்கு பாரு" என்றான் நவநீத்.

"உங்கட கிராஃப் ஃபிளாட்டாக் கிடக்கு, அந்தப் பிள்ளை இன்டென்சிவ்வில கிடக்கு. எதை நம்புறது அண்ணை?"

அன்று வெள்ளிக்கிழமை. மதியத்தோடு அலுவலகங்கள் அடங்கிவிடும். நிஜமாகவே ஏதோ பரவுகிறதென்றால், திங்கட்கிழமை வரை அதைத் தேட ஆளிருக்காது. அதற்குள் இன்னும் எத்தனை பிள்ளைகளோ? ரோஹிணி நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

அந்த மருத்துவமனையின் இரத்தபேதிக் கணக்கை மட்டும் பிரித்தெடுத்துத் தேதிகளை மேலிருந்து கீழே படித்தாள். இரண்டாம் தேதிக்கு அடுத்து ஒன்பது. ஒன்பதுக்கு அடுத்து பதினேழு.

"நவநீத், நடுவில இருக்கிற நாளெல்லாம் எங்கே?"

"அன்னைக்கு இந்தக் கேஸ் வரலை. கேஸ் இல்லேன்னா வரிசை இருக்காது."

"வரிசை இல்லேன்னா சராசரியில அந்த நாள் சேருமா?"

"சேராது" என்றபடி நவநீத் நாற்காலியை அவள் திரைப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான்.

காய்ச்சலுக்கு இது பிரச்சினையே இல்லை. காய்ச்சல் தினமும் வரும். ஆனால் எப்போதோ ஒருவருக்கு வரும் நோயில், நோயாளி வந்த நாட்களை மட்டுமே கூட்டி வகுத்தால், தினமும் ஒருவராவது வருவதுதான் வழக்கம் என்று கணினி நினைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தாலும் அது அசராது.

ரோஹிணி முழு நாட்காட்டியையும் முதலில் போட்டு, அதன்மேல் எண்ணிக்கையைப் பொருத்தி, வெற்றிடங்களில் எல்லாம் பூஜ்யத்தை நிரப்பினாள். ஓடவிட்டாள். திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

நவநீத் வாய்விட்டுச் சிரித்தான். "அம்மை போட்ட மாதிரி இருக்கு! பாஸ்கிட்ட இதைக் காட்டு, இன்னைக்கே ஃபேர்வெல் வெச்சிடுவாங்க."

ரோஹிணிக்கு முகம் சுண்டியது. ஆனால் விடவில்லை. ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தாள். பாதிக்கு மேல் ஒரே பெரிய மருத்துவமனை; அதற்கு ஆகஸ்டில் வரிசையாகப் பூஜ்யம். "லிசா, இவங்க ஆகஸ்ட்ல விவரம் அனுப்பினாங்களா?"

"எங்க அனுப்பினவை! புது சொஃப்ட்வெயார் போடுறம், இப்ப ஏலாது எண்டு மூண்டு கிழமை இழுத்தடிச்சவை."

மூன்று வாரம் விவரமே இல்லை. அதுதான் சங்கதி. யாரும் வராத நாள் வேறு, விவரமே வராத நாள் வேறு. இரண்டையும் பூஜ்யமாக்கியது அவள் செய்த தப்பு. அந்தப் பொய்ப் பூஜ்யங்கள் சராசரியைக் கீழே இழுத்ததில் சாதாரண நாள்கூட ஏற்றமாகத் தெரிந்திருக்கிறது. எப்படிப் பிரிப்பது? கையையோ காலையோ முறித்துக்கொண்டு ஒருவர்கூட வராத அவசரப் பிரிவு உலகத்தில் உண்டா? மற்ற உபாதைகளும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். மொத்தம் இருந்தால் பூஜ்யம். மொத்தமும் காலி என்றால் 'தெரியாது'. தெரியாத நாளைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

மறுபடி ஓடவிட்டாள். புள்ளிகள் மளமளவென்று உதிர்ந்து இரண்டே இரண்டு நின்றன. இந்தச் செவ்வாய், இந்த வியாழன். இரண்டும் மலைப்பக்கத்துச் சின்ன மருத்துவமனை.

இம்முறை நவநீத் சிரிக்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துப் போன வருடத்துக் கணக்கையும் அதே முறையில் ஓட்டினான். அந்த மருத்துவமனைக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை; அப்படியென்றால் இந்த இரண்டும் பொய் எச்சரிக்கை இல்லை.

"கிளம்பு. நானும் வர்றேன்" என்றான்.

பிரிவுத் தலைவி ஃப்ராவ் ஹேர்மன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். மடிக்கணினியை நின்றபடியே பார்த்தாள்.

"இவ்வளவு நாள் இது ஏன் காட்டவில்லை?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"நாங்கள் அட்டவணையைத் தப்பாகக் கட்டியிருந்தோம்" என்றாள் ரோஹிணி.

"இப்போது கட்டியதும் தப்பாக இருந்தால்? மாவட்ட சுகாதார அலுவலகத்தை வெள்ளி மதியம் கிளப்பிவிடுவது விளையாட்டில்லை."

"தப்பென்றால் எச்சரிக்கையின் கீழே என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அனுப்பாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியாது."

ஃப்ராவ் ஹேர்மன் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

மாலையில் லிசா ஓடிவந்தாள். "அக்கா, பிடிச்சிட்டினம்! எல்லாக் குடும்பமும் ஒரே பண்ணையின்ர மெஷினிலதான் பால் வாங்கினவை. காசு போட்டாப் போத்திலுக்குள்ள ஊத்துமே, அது."

"காய்ச்சாமலா குடிச்சாங்க?"

"ஓம், பச்சையா! காய்ச்சிக் குடியுங்கோ எண்டு மெஷினில எழுதித்தான் கிடக்காம். ஆர் வாசிக்கினம்? இப்ப அதைப் பூட்டியாச்சு. இந்தக் கிழமை வாங்கின ஆக்களை வீடு வீடாத் தேடுகினம்."

ரோஹிணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏற்கெனவே குடித்துவிட்டவர்கள் இனிமேல்தான் வருவார்கள் என்பதும் கூடவே உறைத்தது.

"நாளைக்குக் கணக்கு எத்தனை மணிக்கு வரும்?"

"சனிக்கிழமை அக்கா, நாளைக்கு!"

"தெரியும். எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு" என்றான் நவநீத். "சாவி என்கிட்ட இருக்கு. ஏழரைக்குத் திறந்து வைக்கிறேன்."