பாதிப் பாய்

பனிக்கடல் விலங்கான சீலின் தோலில் தைத்த அந்தச் சட்டை கை மாறிக் கை மாறிக் கில்பர்ட்டிடம் வந்தபோது, மண்டபம் முகாமின் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பாதி வெந்து போயிருந்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருடத்து மே மாதம். வடதுருவத்தின் காற்று மண்டலத்தைப் பற்றிப் படிக்க மண்டபத்துக்கா வருவார்கள் என்று யாரும் கேட்கலாம். நார்வேயிலிருந்து வந்த பேராசிரியர் ஹால்வர்சனுக்கு இரண்டு கோடிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். பனிக்கு மேலே இருக்கும் காற்று ஒரு கோடி, வெந்நீர் போலக் கிடக்கும் இந்தக் கடலுக்கு மேலே இருக்கும் காற்று இன்னொரு கோடி. முகாமின் கிழக்கு ஓரத்தில் நாலைந்து கொட்டகைகள் காலியாகக் கிடந்ததும் ஒரு காரணம். கல்கத்தா, பூனா, பெங்களூர் என்று பல ஊர்ப் பையன்கள் வந்து சேர்ந்து, அதற்குக் கோடைப் பள்ளி என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

சட்டையைப் போட்டுப் பார்த்த ஒவ்வொருவனும் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்தவனிடம் தள்ளினான். கல்கத்தாக்காரன் பிமல் வாந்தி எடுப்பதுபோல் நடித்து எல்லோரையும் சிரிக்க வைத்தான். கில்பர்ட் கையை நுழைத்தான். அது கருவாட்டு வாடை. எண்ணெய் ஏறிய, வெயிலில் காய்ந்த, அவன் வீட்டுக் கொடியில் தொங்கும் அய்யாவின் சட்டை வாடை. பூமியின் உச்சந்தலையில் இருக்கும் மனிதர்களும் அப்படித்தான் நாறுவார்கள் என்பது அவனுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் எல்லோரையும் போலவே மூக்கைச் சுளித்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான்.

சொந்த ஊர் எது என்று கேட்டவர்களிடம் 'ராமநாதபுரம் பக்கம்' என்று சொல்லியிருந்தான். பொய் இல்லை. ஆனால் ரயில் பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் பாம்பன், அங்கே கடற்கரையோரம் தெற்குவாடியில் ஓலைக் குடிசை, அதில் அவனைப் பெற்ற அய்யா சந்தனம் தனியாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருக்கிறார் என்பதையெல்லாம் சொல்லவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த வருடம் கிறிஸ்தவச் சாமியார் ஒருவர் அவனைக் கூட்டிப்போய் போர்டிங் பள்ளியில் சேர்த்தார். அங்கே அவன் மீன்காரன். லீவுக்கு ஊருக்கு வந்தால் படிப்பாளி. கல்லூரியில் திரும்பவும் மீன்காரன். இரண்டு பக்கமும் வேண்டாத பிள்ளையாக இருந்து இருந்து, தான் தனிமையில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் ஹால்வர்சன் பரீட்சையைப் பற்றிச் சொன்னபோது அவன் மனசு குதித்தது. வட கோடியில் ஒரு வானிலை நிலையம். சூரியனே எழும்பாத மாதங்கள் உண்டு. அங்கே ஒரு வருடம் வேலை செய்ய இந்தப் பள்ளியிலிருந்து ஒருவனைக் கூட்டிப் போவார்கள். குளிரைக் கம்பளி பார்த்துக்கொள்ளும், தனிமைக்குக் கம்பளி கிடையாது என்றார் பேராசிரியர். முன்பு அவரிடம் ஒரு மாணவன் இருந்தான். கெட்டிக்காரன். ஒரு குளிர்காலத்தில், கப்பல் விளக்கு தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் நடந்து போனான். அந்தக் கடல் அப்போது உறைந்து கிடந்தது, கப்பல் எதுவும் வர வழியே இல்லை. அவர் அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை இதுதான். கரைக்குத் தெற்கே ஆளில்லாத மனோலித் தீவில் ஒவ்வொருவனும் பத்து நாள் தனியாக இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு பலூனில் வாயு நிரப்பிப் பறக்கவிட்டு, அது கண்ணுக்கு மறையும்வரை தொலைநோக்கியில் கோணம் பார்த்துக் குறிக்க வேண்டும். பலூனை விடுமுன் மூங்கிலில் வெள்ளைத் துணி ஏற்ற வேண்டும். மண்டபம் கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் தொலைநோக்கியையும் திருப்புவார்கள். இரண்டு இடத்திலிருந்து பார்த்தால்தான் பலூன் எவ்வளவு உயரம் போனது என்று கணக்கு வரும். முடியாதவன் சிவப்புத் துணி ஏற்றினால் உடனே படகு வரும், அவன் பரீட்சையும் அத்தோடு முடிந்துவிடும். தீவில் வேறு மனிதக் கால் படக் கூடாது. காவலுக்கு ஆள் போடவில்லை, அவரவர் மனசாட்சிதான்.

முதலில் போன பிமல் மூன்றாம் நாள் சிவப்புத் துணி ஏற்றினான். வந்து இறங்கியவன் பேசினான், பேசினான், சாப்பிடும்போதும் பேசினான். இன்னும் இரண்டு பேர் அதே கதி. நாலாவதாகக் கில்பர்ட் போனான்.

முதல் நாள் காலை மூங்கிலில் வெள்ளைத் துணியை ஏற்றிவிட்டுப் பலூனைக் கட்டிக்கொண்டிருந்தான். மேற்கே ஒரு வத்தை, மீன்பிடிக்கும் பாய்மரப் படகு, பாயை முழுக்க விரித்துக்கொண்டு தீவை நோக்கி வந்தது. வந்த வேகத்தில் அடிப்பலகை பாறையில் உரசியது. தண்ணீர்ப் பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கிழவர் குதித்தார். பாயின் நடுவில் காவித்துணி ஒட்டு, அது அய்யாவின் வத்தை. அதைப் பார்த்த பிறகுதான் கில்பர்ட்டுக்கு விளங்கியது. கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்ததை இத்தனை நாளில் அவன் ஒருத்தன் யோசிக்கவே இல்லை. தீவில் வெள்ளைத் துணி ஏறினால் அங்கே ஒருவன் மாட்டிக்கொண்டு சாகக் கிடக்கிறான் என்று அர்த்தம். பார்த்தவன் வலையை அறுத்துவிட்டாவது போக வேண்டும். முன்னால் போன பையன்கள் மூன்று பேரும் கிழக்குக் கரையில் துணி ஏற்றியதால் வத்தைக்காரர்கள் கண்ணில் படவில்லை. காற்று நன்றாகப் படட்டும் என்று கில்பர்ட்தான் மேற்கு மேட்டுக்கு மாற்றியிருந்தான்.

"கரை ஏறாதீங்கய்யா" என்று கத்தினான்.

சந்தனம் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். பீப்பாய் தோளிலேயே இருந்தது. "ஏலே, நீயா? யாருலே ஒன்னய இங்கன விட்டுட்டுப் போனது?"

"யாரும் விட்டுட்டுப் போகலய்யா. பரீட்ச. பத்து நாளு ஒத்தையில இருக்கணும்."

"ஒத்தையில கெடக்குறது ஒரு படிப்பா?"

"பாஸாயிட்டா வெளிதேசத்துல வேல. ஒரு வருசம். பனி பெய்யிற ஊரு."

"அங்கனயும் ஒத்தையிலதானா?"

பலூன் கில்பர்ட்டின் கையில் இழுத்துக்கொண்டு நின்றது. வத்தையில் இருந்த கூட்டாளி ஆவென்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் துணிய எறக்கிரு அப்ப" என்றார் சந்தனம். "பாக்குறவன் பதறி ஓடியாருவான்ல."

"முடியாதுய்யா. அது பலூனுக்கு அடையாளம். காலையும் சாயங்காலமும் ஏத்தணும். நீங்க பாத்தாலும் வரக் கூடாது. மத்தவுகளுக்கும் சொல்லிருங்க. யாராச்சும் வந்து கால வச்சா எனக்குப் போச்சு."

சந்தனம் மூங்கில் உச்சியில் ஆடும் துணியை அண்ணாந்து பார்த்தார். கில்பர்ட்டுக்குப் பெரியப்பாவின் கதை தெரியும். அவன் பிறப்பதற்கு முன்னால் உடைந்த வள்ளத்தோடு ஒரு பாறையில் ஒதுங்கி, வேட்டியைக் கிழித்து ஏற்றி, நாக்கு அண்ணத்தில் ஒட்டிச் செத்தவர். அந்தப் பக்கம் போன ஒருவன் துணியைப் பார்த்தும் வலையில் பட்ட மீனை இழக்க மனசில்லாமல் கடந்து போனான் என்று ஊரில் சொல்வார்கள். அவன் குடும்பத்தோடு இன்றுவரை அய்யா கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டதில்லை.

"துணியப் பாத்தும் போங்கன்னு ஊர்ல நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றார்.

"எனக்காகச் சொல்லுங்கய்யா."

சந்தனம் பீப்பாயை இறக்காமலே திரும்பி நடந்தார். வத்தையில் ஏறும்போது, "ஒத்தையில எவனோ கெடக்கான்னுதான் ஓடியாந்தேன்" என்று கூட்டாளியிடம் சொல்வதுபோல் சொன்னார். வத்தை போய்விட்டது. அவர் கால் மணலில் படவில்லை, ஆகையால் பரீட்சை கெடவில்லை என்று கில்பர்ட் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பலூனை விட்டான்.

ஆரம்ப நாட்கள் பெருமையாகவே போயின. கஞ்சி வைத்தான், கோணம் குறித்தான், உச்சி வெயிலில் உடைமர நிழலில் படுத்து ஹால்வர்சனின் பாடங்களைச் சத்தமாக ஒப்பித்தான். பிறகு கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. கச்சான் வந்தால் தென்கடல் கொந்தளிக்கும், பாம்பன்காரர்கள் வத்தைகளை வடகடலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். இரண்டே நாளில் கடல் காலியாகிவிட்டது. ஒப்பித்த பாடம் காற்றில் அடித்துப் போனது. தன் குரல் தனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கவே வாயை மூடிக்கொண்டான். இவ்வளவு நாளும் தனிமை என்று தான் நினைத்திருந்தது தனிமையே இல்லை என்று அப்போது தெரிந்தது. போர்டிங்கில் யாரும் பேசாவிட்டாலும் பக்கத்துப் பாயில் ஒருவன் குறட்டை விட்டான். மீன்காரன் என்று கேலி செய்யவாவது நாலு பேர் இருந்தார்கள். இங்கே பலூன் ஒன்றுதான் அவன் கையைப் பிடித்து இழுத்தது, அதையும் அவனே விட வேண்டியிருந்தது.

ஒரு வத்தை மட்டும் வடகடலுக்குப் போகவில்லை. காலையில் துணி ஏறும் நேரத்துக்கு அந்தக் காவி ஒட்டுப் பாய் மேற்கே தூரத்தில் தெரியும். மாலையிலும் தெரியும். அந்த இடத்தில் மீனே கிடையாது, வெறும் பாறை என்பது கில்பர்ட்டுக்குத் தெரியும். அந்த அலையில் வலை வீசவும் முடியாது. அது கிட்டே வராது, நிற்காது, எட்டியே போய் மறையும். முதலில் அவனுக்கு எரிச்சலாக வந்தது. காவலா போட்டிருக்கிறார் என்று முனகினான். பிறகு துணி ஏற்றும்போதே மேற்கே பார்க்கத் தொடங்கினான். அதற்கும் பிறகு, பாய் தெரிந்தபின்தான் பலூனைக் கட்டவே கை வந்தது.

எட்டாம் நாள் காலை பாய் வரவில்லை. மாலையிலும் வரவில்லை. காற்று அதிகம், அதனால்தான் என்று தேற்றிக்கொண்டான். மறுநாளும் வரவில்லை. பலூன் மேகத்துக்குள் போய் மறைந்த பிறகும் அவன் தொலைநோக்கியை மேற்கே திருப்பித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். வத்தை கவிழ்ந்திருக்குமோ, காய்ச்சலில் படுத்தால் யார் வெந்நீர் வைப்பார்கள் என்று என்னென்னவோ ஓடியது. சிவப்புத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஏற்றினால் மண்டபத்திலிருந்து படகு வரும், பாம்பனுக்கு ஓடிப் போய்ப் பார்க்கலாம். இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. துணியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். வைத்த தன் கையை அவனுக்கே பிடிக்கவில்லை.

கடைசி நாள் உச்சி வெயிலில், அவன் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மேற்கே பாய் தெரிந்தது. காவி ஒட்டு.

அது பலூன் நேரம் இல்லை. மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். கில்பர்ட் ஓடிப்போய் வெள்ளைத் துணியை மூங்கிலில் கட்டி உச்சிவரை ஏற்றினான். பலூன் இல்லாமல், வெறும் துணி. பாறைமேல் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். கரை ஏற வேண்டாம், பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும். 'சாப்பிட்டியாலே' என்று கேட்டால் போதும்.

வத்தை திரும்பியது. நேராகத் தீவை நோக்கி வந்தது. அவனுக்கு அழுகை முட்டியது, வெட்கப்படவில்லை. கூட்டாளி சுக்கானைப் பிடித்திருந்தான். அய்யா பாய்மரத்தடியில் நின்றிருந்தார். இடது கையைத் துண்டால் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தது. எங்கே அடிபட்டது, எலும்பு முறிந்ததா, யார் கட்டுப் போட்டார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. குரல் கேட்கும் தூரத்துக்குச் சற்று எட்டவே வத்தை தயங்கியது. சந்தனம் மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கை கால் திடமாக இருக்கிறதா, நிற்கிறானா, தள்ளாடுகிறானா என்று பார்த்தார்.

பிறகு ஒற்றைக் கையால் கயிற்றை அவிழ்த்துப் பாயைப் பாதி இறக்கினார். தெற்குவாடி வத்தைகள் கரையில் இருக்கும் அந்தோணியார் கோயிலைக் கடக்கும்போது மட்டும்தான் மரியாதைக்குப் பாதிப் பாய் இறக்கும். சேதுபதி மகாராஜாவே கரையில் நின்றாலும் வேறெதற்கும் இறக்க மாட்டார்கள். கோயிலுக்கு முன்னால் செய்வதுபோலவே அவர் தலைத்துண்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அய்யா" என்று கில்பர்ட் கூப்பிட்டான். நாலைந்து நாளாகப் பேசாத தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

கேட்ட சொல்லைத் தட்டாத மனிதர். துணியைப் பார்த்தாலும் வரக் கூடாது என்று மகன் கேட்டுக்கொண்டதை, ஊர் கட்டின கட்டுப்பாட்டையும் அண்ணன் செத்த சாவையும் மீறி, அவர் நிறைவேற்றிக்கொண்டிருந்தார். கயிறு இறுகியது. காவி ஒட்டுப் பாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, ஒற்றைக் கை இழுப்பதால் விட்டு விட்டு ஏறியது. வத்தை மூக்கைத் திருப்பிக்கொண்டது.

கில்பர்ட் தண்ணீருக்குள் இறங்கி நடந்தான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அலை முகத்தில் அறைந்து உப்பு வாய்க்குள் போனது. வராத கப்பலைத் தேடிப் பனிக்குள் நடந்து போன அந்தப் பையனின் நினைப்பு வந்து அவன் கால் நின்றது. ஆனால் கில்பர்ட் பார்த்துக்கொண்டிருந்தது நிஜமான பாய். அது சிறுத்துக்கொண்டே போயிற்று. அவனுக்குப் பின்னால், மேட்டின்மேல், இறக்க ஆளில்லாமல் வெள்ளைத் துணி கச்சானில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.