கடைசித் துளியில் நிற்பவர்

கணவனின் ரப்பர் பூட்ஸ் சாந்தாமணிக்கு ரொம்பவே பெரியது. இரண்டு ஜோடி சாக்ஸைப் போட்டுக்கொண்டு அவள் காலை உள்ளே திணித்துக்கொண்டிருந்தபோது, சமையலறை போனில் கொழுந்தன் செல்வராஜ் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க, அண்ணன்தானுங்க. சாயங்காலம் வாக்கிங் போனாரு. போன எடத்துல ஹார்ட் அட்டாக்."

மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக் வரை தெரிந்தவர்கள் எல்லாரிடமும் அவன் அண்ணனை வாக்கிங் அனுப்பியாகிவிட்டது. நஞ்சுண்டன் உயிரோடு இருந்தவரை மெயில்பாக்ஸுக்குக் கூடக் காரில் போகலாமா என்று யோசிக்கிற ஆள்.

"வாக்கிங் இல்லை," என்றாள் சாந்தாமணி. "வேட்டைக்குப் போனாரு."

செல்வராஜ் ரிசீவரைக் கையால் பொத்தினான். "அண்ணி, மெதுவாங்க. கோவில் கமிட்டி திருமூர்த்தி சார் லைன்ல இருக்காரு."

"நல்லதாப் போச்சு. வில்லும் அம்புமாப் போனாருன்னு சத்தமாவே சொல்லு."

சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாதென்று செல்வராஜின் மனைவி மீனாக்ஷி தன் வீட்டிலிருந்து இட்லி செய்து எடுத்து வந்திருந்தாள். பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு பூட்ஸைப் பார்த்தாள்.

"அக்கா, இது எதுக்குங்க?"

"மானைத் தேடப் போறேன்."

செல்வராஜ் போனில், "அப்புறமாப் பேசறேங்க" என்று சொல்லி வைத்தான்.

முந்தின நாள் மாலை அவள் பேங்க் வேலை முடிந்து வந்தபோது ஆன்ஸரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அழுத்தினால் அவர் குரல், மூச்சு வாங்க. "சாந்தா, அடிச்சுட்டேன். பெரிய டியர். அம்புல வாடை இல்லை. கலரு நீதான் பார்த்துச் சொல்லோணும். இலையெல்லாம் விழுந்து கெடக்குது, ஒண்ணும் தெரியல. ஸ்டான்லி வீட்டுல இருந்து பேசறேன். நான் அங்கயே போய் நிக்கறேன், நீ வா." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை ஒருமுறைகூட டியர் என்று கூப்பிட்டதில்லை, மானை மட்டும் வாய் நிறைய டியர் டியர் என்பார் என்று அவள் கேலி செய்வதுண்டு. சிரித்துக்கொண்டேதான் காரை எடுத்தாள். ஸ்டான்லியின் சோயா வயலோரத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே அவர் போயிருந்தார்.

"அண்ணி, தீட்டுங்க," என்றான் செல்வராஜ். "நீங்க வாசப்படி எறங்கக் கூடாது. பாடி நாளைக்குத்தான் குடுப்பாங்க. அதுக்குள்ள நூறு பேர் வருவாங்க. நீங்க காட்டுக்குள்ள ரத்தம் தேடிட்டு இருக்கறீங்கன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

"அடிச்ச உயிரைப் போட்டுட்டுப் போற ஆளில்ல உங்கண்ணன்னு நெனைப்பாங்க."

"அந்தப் பாவந்தான் அண்ணனை..."

அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான். மீனாக்ஷி இட்லிப் பாத்திரத்தின் மூடியைத் தேவையில்லாமல் திறந்து மூடினாள்.

"சொல்லி முடி," என்றாள் சாந்தாமணி.

அவன் போன் ஒயரைச் சிக்கெடுக்க ஆரம்பித்தான்.

"பாவம்! போன தீபாவளிக்கு மான்கறி வறுவல் மூணு தட்டு தின்னயே, அன்னைக்கு எங்க போச்சு அந்தப் பாவம்? கடையில பிளாஸ்டிக் சுத்தி வர்ற கோழியெல்லாம் தூக்குப் போட்டுச் செத்ததா?" அவள் இன்னொரு பூட்ஸையும் இழுத்து மாட்டினாள். "இன்னைக்கு ஒரு நாள் விட்டா அதை நரி இழுத்துட்டுப் போயிரும். கெடைக்கலைன்னா, நீ சொன்னதையேதான் ஊரும் சொல்லும். நீ சொன்னது நெசமாவும் ஆயிரும். நான் விடமாட்டேன்."

மாடிப்படியில் மகள் சண்முகப்ரியா நின்றிருந்தாள். ரட்கர்ஸ் ஹாஸ்டலிலிருந்து இரவோடு இரவாக வந்தவள், முகம் வீங்கியிருந்தது. காலேஜ் சேர்ந்த வருஷமே கறி தின்பதை விட்டுவிட்டாள். அப்பாவின் வேட்டையைப் பற்றி அவளிடம் ஒரு பிரசங்கமே உண்டு. விடுமுறைக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையில் அது கட்டாயம் ஒருமுறை நடக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு, ரசம் ஊற்றச் சொல்லுவார்.

அவள் இறங்கி வந்து ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தாள்.

"ஐ'ல் டிரைவ்," என்றாள்.

இரவு உறைபனி விழுந்திருந்தது. வயலோரம் வெள்ளையாகக் கிடந்தது. ஸ்டான்லி கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தன் சோயாவை மான் மேய்கிறது என்பதற்காக நஞ்சுண்டனை வேட்டைக்கு அனுமதித்தவர். பிறகு அதுவே சினேகமாகிவிட்டது. தடம் கலைந்துவிடக் கூடாதென்று நேற்று போலீஸ்காரரைக்கூட மரத்துக்கு அந்தப் பக்கம் விடவில்லை என்று சொன்னார்.

அம்பு ஓக் மரத்தில் சாய்ந்தபடி இருந்தது. பக்கத்துச் செடியில் டாய்லெட் பேப்பர் துண்டு ஒன்று கட்டியிருந்தது. கடைசியாக ரத்தம் பார்த்த இடத்துக்கு அது அடையாளம். மற்ற வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு நிற ரிப்பன் கட்டுவார்கள். இவர் மட்டும் வெள்ளை.

சாந்தாமணி அம்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "கருஞ்சிவப்பு. ஈரல்ல பட்டிருக்குது."

"ஹௌ டு யூ ஈவன் நோ தட்?"

"உங்கப்பா வாடை பார்ப்பாரு. வாடை அடிச்சா குடல்ல பட்டிருக்குதுன்னு அர்த்தம். நான் கலரு பார்ப்பேன். நல்ல சிவப்பா, நுரையா இருந்தா நுரையீரல், உடனே போலாம். இந்த மாதிரி இருண்டிருந்தா விட்டுரோணும். துரத்தினா ஓடும். விட்டாப் பக்கத்துலயே படுத்துக்கும்."

சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. நேற்று அவள் வந்து அம்பைப் பார்த்திருந்தாலும், காலையில் வரலாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவர் நகராமல் உட்கார்ந்திருந்ததுதான் சரி.

"வொய் டிட்ன்ட் ஹி ஜஸ்ட் லுக் அட் இட் ஹிம்செல்ஃப்?"

சாந்தாமணி மகளைப் பார்த்தாள். மாமியார் பெண் பார்க்க வந்தபோது மறைத்த விஷயம். கண்ணில் குறை என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? கல்யாணமான புதிதில், பழுத்த மிளகாயாகப் பொறுக்கிக் கொடுங்கள் என்று அவள் கேட்டதற்குப் பச்சையும் சிவப்பும் கலந்து ஒரு முறம் கொண்டு வந்து வைத்தார் நஞ்சுண்டன். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோனது. யாரிடமும் சொல்லாதே என்றார். அவள் சொல்லவில்லை. கூடப்பிறந்த செல்வராஜுக்குக்கூடத் தெரியாது.

"அப்பாவுக்குச் சிவப்பு தெரியாது. பச்சையும் சிவப்பும் அவருக்கு ஒண்ணுதான்."

சண்முகப்ரியா அம்பையே பார்த்தாள். "டிரைவிங் கத்துக் குடுக்கும்போது... ஹி நெவர் செட் ரெட் லைட். டாப் லைட், பாட்டம் லைட்னுதான்..."

"அதான். மேப்பிள் எல எல்லாம் சிவந்து விழுந்து கெடக்கிற காலத்துல, எல மேல ரத்தம் சொட்டினா அவரு எங்க பார்க்கறது? பெராக்சைடு தெளிச்சா ரத்தம் நுரைக்குமாம். காடு முழுக்கவா தெளிக்கறது? மொத வருசம் அடிச்ச மானைக் காணாம ராத்திரியெல்லாம் தூங்கல. எங்கயோ துடிச்சிட்டிருக்குது சாந்தான்னு உக்காந்து அழுதாரு. மறுநாள்ல இருந்து நான்தான் அவருக்குக் கண்ணு."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ இங்க நில்லு. கடைசியா ரத்தம் பார்த்த எடத்துல ஒரு ஆளு நிக்கோணும். நான் அடுத்த சொட்டைப் பார்த்துட்டு, வான்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. அதான் உங்கப்பா வேலை."

சண்முகப்ரியா அந்த வெள்ளைக் காகிதத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

சாந்தாமணி குனிந்து நடந்தாள். காடு முழுக்கச் சிவப்பு. சில இலைகளில் பிறவியிலேயே புள்ளி இருக்கும், எச்சில் தொட்டுத் தேய்த்தால் போகாது. ரத்தம் போகும். தேய்த்தாள், விரலைப் பார்த்தாள், அடுத்த இலை. நாலைந்து இலைகளுக்குப் பிறகு விரல்நுனி சிவந்தது.

"வா."

மகள் வந்து அந்த இலைக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா நகர்ந்தாள். இப்படியே சரிவில் இறங்கினார்கள். பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் கழன்று கழன்று வந்தது. ஓடைக்கு முன்னால் விழுந்து கிடந்த மரத்தடியில் தடம் அறுந்துபோனது. தாண்டிப் பார்த்தாள். இல்லை. இடப்பக்கம் சுற்றி வந்தாள். இல்லை. இலைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. இனி எல்லா இலையும் அவர் கண்ணுக்குத் தெரிந்த மாதிரிதான் அவளுக்கும் தெரியும் போலிருந்தது. செல்வராஜ் முடிக்காமல் விட்ட வாக்கியம் காதில் வந்து உட்கார்ந்தது. போடா, என்றாள் வாய்விட்டே.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருக்குதா?"

அவர் கேட்கிற மாதிரியேதான் இருந்தது. இந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் காட்டுக்குள் பேசுவார். அவள் இருக்குது என்றால் வருவார், இல்லை என்றால் நிற்பார். ஒரே ஒருமுறை, அதுவும் சின்ன வயதில், அப்பாவோடு காட்டுக்கு வந்த பெண் இதை எங்கே பிடித்து வைத்திருந்தாளோ. வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்லுவாள்.

சாந்தாமணி நிமிர்ந்தாள். நிமிர்ந்ததால்தான் கண்ணில் பட்டது. தரையில் இல்லை, இடுப்புயரத்தில், ஒரு இளஞ்செடியின் தண்டில் தேய்த்த மாதிரி ஒரு கோடு. மான் உரசிக்கொண்டு போயிருக்கிறது.

"இருக்குது!"

ஓடைக்கரை முட்புதருக்குக் கீழே அது படுத்திருந்தது. கால்களை மடித்து, தலையைப் பின்னால் திருப்பி விலாவில் வைத்து, தூங்குகிற மாதிரி. கண் திறந்திருந்தது. அவள் பின்பக்கமாகப் போய் ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டாள். இமைக்கவில்லை. முடிமேல் பனி பூத்திருந்தது. துடித்ததற்கும் புரண்டதற்கும் மண்ணில் ஓர் அடையாளமும் இல்லை. படுத்த இடத்திலேயே போயிருக்கிறது, அவர் மாதிரி.

நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. மானின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, மேலே மரங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க! கெடைச்சிருச்சுங்க!"

சத்தம் கேட்டு ஸ்டான்லி வயலிலிருந்து ஓடிவந்தார். சண்முகப்ரியா மட்டும் தான் நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். அம்மா இன்னும் வா என்று சொல்லவில்லை.

இரவெல்லாம் குளிராக இருந்ததால் கறி கெடவில்லை என்றார் ஸ்டான்லி. மான் அடித்ததை அரசாங்கத்துக்குத் தெரிவிப்பதையும் அறுத்து வைப்பதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கருமாதிப் படையலுக்குப் பின்னந்தொடை வேண்டும் என்றாள் சாந்தாமணி. அவர் என்னவென்று புரியாமலே சரி என்றார்.

மறுநாள் ஃப்யூனரல் ஹோமில் செல்வராஜ் கொண்டுவந்திருந்த பட்டு வேட்டியை அவள் மறுக்கவில்லை. பட்டுச் சட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் வேட்டைக்குப் போடுகிற கட்டம்போட்ட கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். கீழே ஜரிகை, மேலே கட்டம். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. அவரைப் போலவே இருந்தது.

திருமூர்த்தி மைக்கில் பேசினார். "அமைதியான மனுஷர். யாருக்கும் ஒரு தீங்கு நெனைக்காதவர். சாயந்திரம் வாக்கிங் போன எடத்துல..."

"வாக்கிங் இல்லைங்க."

முன்வரிசையிலிருந்து சாந்தாமணி எழுந்தாள். மொத்தக் கூட்டமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"மான் வேட்டைக்குப் போனாருங்க. வில்லுல அடிச்சாரு. அடிச்சுப் போட்டுட்டு வரல, அது ரத்தம் விழுந்த எடத்துலயே நின்னாரு. நின்ன எடத்துல உசுரு போச்சு. மானு நேத்துக் கெடைச்சிருச்சு. வலியில்லாம போயிருக்குது. அவ்வளவுதான். இப்பப் பேசுங்க."

திருமூர்த்தி மைக்கைப் பார்த்தார். கடைசி வரிசையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்டான்லிக்கு, பக்கத்திலிருந்த சண்முகப்ரியா அம்மா சொன்னது எல்லாவற்றையும், ஒரு வார்த்தை விடாமல், இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாய்க்கரிசி போடும்போது மீனாக்ஷி ஈரத்துணியோடு பக்கத்தில் வந்தாள். "அக்கா, பொட்டை எடுத்துரலாங்களா?"

"இது சிவப்புன்னே அவருக்குத் தெரியாது மீனாக்ஷி. கருப்புப் பொட்டுன்னுதான் கடைசி வரைக்கும் நெனைச்சிட்டிருந்தாரு. அவரு பார்க்காத சிவப்பை அவரு போனதுக்காக நான் எதுக்கு அழிக்கோணும்?"

மீனாக்ஷிக்கு விளங்கவில்லை. ஆனால் துணியை மடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாந்தாமணி அரிசியைப் போட்டாள். பிறகு கைக்குட்டையைப் பிரித்து ஒரு மேப்பிள் இலையை எடுத்து, காம்பைப் பிடித்து, அவருடைய சட்டைப் பாக்கெட்டில் வைத்தாள். நடுவில் ஒரு சொட்டு ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

செல்வராஜ் குனிந்து பார்த்தான். "என்னங்க அண்ணி இது? வெறும் எலையா?"

"அவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாரு."

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தான். சிவப்பு இலையில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இலை வெளியே விழுந்துவிடாதபடி அண்ணனின் பாக்கெட் மூடியை இழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டான்.