ஓடி வந்தவர்கள்

மும்பை தாராவியில் ஒருவன் விழுந்தால் சும்மா நின்று பார்க்க யாருக்கும் தெரியாது. பைக்கிலிருந்து விழுந்தாலும் சரி, மாடி ஏணியிலிருந்து விழுந்தாலும் சரி, அவன் ஐயோ என்பதற்குள் ஒரு கூட்டம் வந்து ஆளுக்கொரு கையையும் காலையும் பிடித்துத் தூக்கிவிடும். எங்கே அடி, எப்படித் தூக்க வேண்டும் என்பதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் கேட்டுக்கொள்ள வேண்டியது. ஜெயகணேஷையும் அப்படித்தான் தூக்கினார்கள். முதலில் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்து அள்ளியவன் அவனுடைய கூட்டாளி பூலோகம்.

கோகுலாஷ்டமிக்கு முந்தின மாதம் அது. உயரத்தில் கட்டிய தயிர்ப்பானையை உடைக்க ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மழை ஈரத்தில் யாருக்கோ கால் வழுக்க, மொத்தக் கோபுரமும் சரிந்தது. மற்றவர்கள் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஜெயகணேஷ் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் ஒருவர் இந்தியில் கத்தினார். முதுகெலும்பு உடைந்தவனைக் கோணிச் சாக்கு மாதிரியா தூக்கி வருவது, யார் தூக்கியது என்று கேட்டார். பூலோகம் ஜெயகணேஷின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அதைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனவன்தான், திரும்ப வரவில்லை. ஊருக்கு வெளியே அம்பர்நாத்தில் ஏதோ பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. எப்போதாவது ஜெயகணேஷின் மனைவி ஷர்மிளாவுக்குப் போன் செய்து, "கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்பான். ஜெயகணேஷ் போனை வாங்கி வாய் திறந்ததும் லைன் கட்டாகிவிடும்.

கால் போனதைக்கூட ஜெயகணேஷ் எப்படியோ செரித்துக்கொண்டான். பூலோகம் போனதை அவனால் செரிக்க முடியவில்லை.

எப்படி முடியும்? எத்தனை ஆடி மாதம் அந்தத் தோள்மேல் ஏறி நின்றிருக்கிறான்! தோளில் பாதம் பட்டதுமே பூலோகம் கீழிருந்து சொல்வான்: "என்னலே, இன்னைக்கு ஷர்மிளாட்ட வாங்கிக் கட்டிட்டு வந்திருக்க போல!" பாதத்தின் கனத்தை வைத்தே கண்டுபிடிப்பானாம். பாதி நாள் சரியாகவும் இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல். பயிற்சி முடிந்ததும் குழாயடியில் உட்கார்ந்து, நனைந்த வடாபாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே, அவன் தோளில் பதிந்த சிவந்த தடத்துக்கு இவன் எண்ணெய் தேய்த்துவிடுவான். அந்த நாட்கள் நல்ல நாட்கள். அப்போதே அது தெரிந்தும் இருந்தது.

விழுந்து மூன்று வருஷத்துக்குப் பிறகு இப்போது ஜெயகணேஷ் செம்பூரில் தரைத்தள வீட்டில் இருக்கிறான். இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு, சமதரையில் நடப்பான். படி என்றால் நின்றுவிடுவான். பக்கத்து மறுவாழ்வு மையத்தில் டாக்டர் ரீனா அவனைப் பார்க்கிறார். தூத்துக்குடிக்காரர், பொறுமைசாலி. ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டான்.

"தூக்குனதாலதான் இப்பிடி ஆச்சா டாக்டர்?"

"அப்படித் தூக்கக் கூடாதுதான். ஆனா விழுந்ததுல எவ்வளவு, தூக்கினதுல எவ்வளவுன்னு இப்ப யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் உங்க உடம்பே கொஞ்சம் கெடுத்திருக்கு."

"என் உடம்பா?"

"தண்டுவடத்துல அடிபட்டதும் நோய் எதிர்ப்புச் செல்கள் ரத்தத்துலேர்ந்து அங்க பாய்ஞ்சு வரும். வீக்கம் வரும். அந்த அமளியில நல்லா இருக்கிற நரம்பும் சேர்ந்து அடிபடும்."

"சனியன்கள வரவிடாமத் தடுத்தா என்ன?"

"எலிகள்ல தடுத்துப் பார்த்திருக்காங்க. முழுசாத் தடுத்தப்ப பல எலிகள் இன்னும் மோசமாத்தான் ஆச்சு. செத்த நரம்போட குப்பைய அள்ளுறதும் அதுங்கதான். ஆத்திரத்தோட வர்றதுல சிலது பின்னால குணம் மாறி, காயத்தை ஆத்தவும் செய்யும். எப்பத் தணிக்கணும், எப்ப விட்டுப் பிடிக்கணும்னுதான் இப்ப எல்லாரும் தேடிட்டிருக்காங்க."

ஜெயகணேஷ் சிரித்துவிட்டான். "அப்ப அதுங்க நம்ம தாராவிக்காரங்கதான் டாக்டர். கேக்காம ஓடி வரும், மிதிக்கும், ஒடைக்கும். ஆனா வரலைன்னா நாம அங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

சிரித்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மழையில் யாருமே ஓடி வராமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தான். நினைக்கவே பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத் போக வேண்டும் என்றான். ஷர்மிளா பொரிந்து தள்ளினாள். "மூட்டையத் தூக்குத மாதிரி தூக்குனவன் வீட்டுக்கா போணும்ங்கிய?" பொரிந்துகொண்டேதான் புடவையும் மாற்றிக்கொண்டாள். குர்லாவில் வண்டி மாறி, மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் உட்கார்ந்து போனார்கள். ஒரு காலத்தில் இதே லைனில் பூலோகமும் அவனும் வாசல் கம்பியில் தொங்கிக்கொண்டு, காற்றில் கத்திப் பேசியபடி போனதுண்டு. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதே காற்றை வாங்கிக்கொண்டான்.

விசாரித்துக் கண்டுபிடித்த பூலோகத்தின் வீடு வரிசை வீடுகளில் கடைசி. வாசலில் செங்குத்தாகப் படிகள். பனியனோடு வெளியே வந்த பூலோகம் இவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். முடி பாதி நரைத்திருந்தது.

"படியேற முடியாதுலே. தூக்கு," என்றான் ஜெயகணேஷ்.

"நான் வேண்டாம். சேர் கொண்டாறேன், பக்கத்து வீட்டு ஆளுகளக் கூப்பிடுதேன்."

"டாக்டர்ட்ட கேட்டுட்டேன். நீ தூக்குனதுல கேடு வந்துதா வரலையான்னு அவியளுக்கே தெரியல. ஆனா விழுந்தப்ப மொதல்ல வந்தவன் நீ. அப்புறம் மூணு வருஷமா வரவே இல்லயே, அதுதாம்லே எனக்குக் கேடு."

பூலோகம் ஷர்மிளாவைப் பார்த்தான். அவள் ஊன்றுகோல்களைக் கணவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். சாய்ந்தவனை ஓடி வந்து தாங்கிப் பிடித்தான் பூலோகம். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்குக் கீழே. முதல் படியில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"வலிக்கா?"

"வலிக்குலே," என்றான் ஜெயகணேஷ். "விட்டுறாத."