நாற்பது வயதுக்கு ஒரு நாடகம்

மரிய மதலேனாள் திருநாளில் பிறந்ததால் எனக்கு மக்டலின் என்று பெயர் வைத்தார்கள். 1973ஆம் ஆண்டு அந்தத் திருநாளில் எனக்கு நாற்பதாவது வயது தொடங்கியது. பூசை முடிந்து வந்து, குசினியில் தேநீர் குடித்தபடியே என் கணவர் கிறிஸ்தோபரிடம் திட்டத்தைச் சொன்னேன். அவர் மூதூருக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்ச் படகு ஓட்டுகிறவர்.

“அடுத்த திருநாளுக்கிடையில ரெண்டு காரியம் செய்யப் போறன்.”

“என்னென்ன?”

“பிரசரைக் குறைக்கிறது ஒண்டு. வானொலிக்கு ஒரு நாடகம் எழுதுறது மற்றது.”

“முதலாவதோட நிப்பாட்டும். ரெண்டாவதைச் செய்யப் போனீரெண்டா முதலாவது ஏறிப்போகும்,” என்றார்.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உள்ளே பயம் இருந்தது. அம்மா நாற்பத்தாறு வயதில் பாரிசவாதம் வந்து விழுந்தவர். பிறகு எழும்பவில்லை. அந்தத் திருநாளுக்கு முதல் கிழமை ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசர் நூற்றி அறுபது, நூறு என்று எழுதித் தந்திருந்தார்கள்.

அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று தாதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கையில் பட்டியைச் சுற்றி, இரத்த ஓட்டம் நிற்கும்வரை காற்றடித்து இறுக்குகிறார்கள். பிறகு காற்றை மெல்ல மெல்ல விடுகிறார்கள். இரத்தம் திரும்பவும் இடித்துக்கொண்டு பாயத் தொடங்கும்போது குழாயில் ஒரு தட்டும் சத்தம் கேட்கும். அது மேல் எண். சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். ஆக, பிரசர் பார்ப்பதும் காதால் கேட்கிற வேலைதான். அதனாலோ என்னவோ அது எனக்கு உடனே விளங்கியது. நானும் காதால் பிழைக்கிறவள். உட்துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினாறு வருடமாக ஒப்பரேட்டர் வேலை.

கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டேன். விடிய வெள்ளெனக் கடற்கரையால் அரை மணித்தியாலம் நடந்தேன். வேலையால் வந்து, பின்னேரத்தில் ஒரு பக்கமாவது எழுதினேன். நாடகத்தில் ஒரு இளம் மனைவி. புருசன் தூரத்து ஊரில் வேலை. அவள் அவனுடைய தாயோடு இருக்கிறாள். கார்த்திகையில் எழுதி முடித்து கொழும்புக்கு அனுப்பினேன். பெப்ரவரியில் பதில் வந்தது. நாடகத்தை எடுத்திருக்கிறார்கள், நடித்து ஒலிப்பதிவும் செய்தாயிற்று, மார்ச் மாதத்து முதலாவது ஞாயிறு ஒலிபரப்பாகும். அந்த மாதம் என் பிரசர் நூற்றி நாற்பத்திநாலு. இரண்டு காரியமும் சரிவரப் போகிறது என்று நினைத்தேன்.

கடிதம் வந்த அடுத்த புதன்கிழமை வேலையில் அழைப்புகள் குறைவு. என்னோடு வேலை செய்யும் சீலா, “அக்கா, வானொலியில கேக்க முதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ,” என்றாள். என்னிடம் கைப்பிரதி இருந்தது. வாசித்தேன்.

அந்த மனைவி புருசனோடு ரெலிபோனில் கதைக்கும் இடம் வந்தது. முதலில் அவள், “நான் சுகமா இருக்கிறன்” என்கிறாள். கொஞ்ச நேரம் போக, “இவ்வளவு நேரமும் மாமி பக்கத்தில நிண்டவ. அதுதான் சுகம் எண்டு சொன்னனான்” என்கிறாள். நாடகமே அந்த இடத்தில்தான் திரும்புகிறது. எழுதியபோது அதைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். அவ்வளவு நல்லாக வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன்.

சீலா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, இது இருநூற்றிப் பதினாலு எல்லோ?”

எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் இது விளங்கும். பலகையில் ஒவ்வொரு ரெலிபோனுக்கும் ஒரு துவாரமும், அதற்கு மேல் ஒரு சின்னத் தகடும் இருக்கும். வீட்டில் ஒருவர் கைபிடியைச் சுழற்றினால் இங்கே அவருடைய தகடு டக்கென்று விழும். அந்தத் துவாரத்தில் கயிற்றைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மற்றக் கயிற்றை அங்கே செருகவேண்டும். பிறகு சாவியை மேலே தள்ளினால் எங்களுக்கு ஒன்றும் கேட்காது. உள்ளூர் அழைப்பு என்றால் அதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆனால் கொழும்புக்குப் போகும் ட்ரங்க் கோல் அப்படி இல்லை. அது மூன்று நிமிடக் கணக்கு. மூன்று நிமிடம் முடிய நாங்கள் சாவியைத் திறந்து, “மூண்டு நிமிசம் முடிஞ்சுது, இன்னும் வேணுமோ?” என்று கேட்கவேண்டும்.

சட்டப்படி சாவியைத் திறந்ததும் பேசவேண்டும். நான் அப்படிச் செய்கிறதில்லை. ஆட்கள் சொல்லிக்கொண்டிருக்கும் வசனத்தை வெட்டினால் பாவம் என்று, வசனம் முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். இது மரியாதை என்று புதிதாக வேலைக்கு வந்தபோது சீலாவுக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

இருநூற்றிப் பதினாலாம் இலக்கம் ஒரு அரிசிக் கடை வீடு. அந்த வீட்டு மருமகள் ரபீக்கா வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொழும்பில் இருக்கும் புருசன் ஜெமீலோடு கதைப்பாள். எப்போதும் ஆறு நிமிடம். அதில் எனக்குக் கேட்பது தொடங்கும்போது ஒரு வசனம், மூன்றாவது நிமிடத்தில் ஒரு வசனம். அந்த இரண்டு வசனத்தையும் நான் எப்போதோ கேட்டிருக்கிறேன். பிறகு மறந்துவிட்டு, பின்னேரத்தில் குசினி மேசையில் இருந்து, என் கற்பனை என்று எழுதியிருக்கிறேன்.

“பேர் எல்லாம் வேறைதானே,” என்றேன்.

“பேர் வேறைதான். ஆனா அந்தக் கடையில ரேடியோவைச் சத்தமாப் போட்டா முழுத் தெருவுக்கும் கேக்கும். மாமிக்காரி ஒரு நாடகமும் விடமாட்டா,” என்றாள் சீலா. “அக்கா, அந்தப் பிள்ளை அந்த வீட்டிலதான் இருக்கவேணும்.”

அன்றைக்கு நடந்தும் நித்திரை வரவில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் நூற்றி எழுபது. “உப்பு சேத்தனீங்களோ?” என்று தாதி கேட்டார். இல்லை என்றேன்.

கிறிஸ்தோபரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “என்ர அம்மா கேட்டா, தன்னைத்தான் எழுதியிருக்கு எண்டு சண்டைக்கு வருவா,” என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. உலகத்தில் எல்லா மாமியாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்றால், யாரும் குறிப்பாக அகப்படமாட்டார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒரு மணித்தியாலம் அந்தக் கணக்கு நின்றது. பிறகு, மற்ற மாமியார்களின் வீட்டில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மருமகள் ரெலிபோனில் நிற்கிறதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நாடகத் தயாரிப்பாளருக்கு அழைப்பு எடுத்தேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுக்க ஏலுமோ என்று கேட்டேன்.

“அம்மா, ஒலிப்பதிவு முடிஞ்சுது. அதில வெட்டினா பிறகு வாற கதை ஒண்டும் விளங்காது. போட்டா முழுசாப் போடவேணும், விட்டா முழுசா விடவேணும். சனிக்கிழமைக்கிடையில சொல்லுங்கோ,” என்றார். “ஏன், நல்ல இடமே அதுதானே?”

நல்ல இடம் அதுதான் என்று எனக்கும் தெரியும். நாற்பது வயதில் நான் எழுதிய ஒரே நாடகம் அது. ரபீக்காவையே கேட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அவள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் நாடகமும் போகும், நானும் நித்திரை கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தகடு விழுந்தது. கொழும்பு லைன் கிடைக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் கேட்டேன்.

“ரபீக்கா, நான் ஒப்பரேட்டர் மக்டலின். மாமி பக்கத்தில நிக்கிறாவோ? ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“ஓம் மிஸ்.”

“நீங்கள் ஒரு நாள் ஜெமீலுக்குச் சொன்னது என்ர காதில விழுந்தது. மாமி பக்கத்தில நிண்டதாலதான் சுகம் எண்டு சொன்ன கதை. தெரியாத்தனமா அதை ஒரு நாடகத்தில எழுதிப்போட்டன். வாற கிழமை ஞாயிறு வானொலியில போகப்போகுது.”

மறுபக்கத்தில் தள்ளி ஒரு பெண் குரல், “லைன் கிடச்சிட்டா புள்ள?” என்று கேட்டது.

“இன்னம் இல்ல மாமி.”

“அது போனா உங்களுக்குக் கரைச்சல் ஏதும் வருமோ?” என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். ஒண்டுமில்ல.”

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கொழும்பு கிடைத்தது. கயிற்றைச் செருகினேன். “நான் சொகமா இருக்கன்” என்று அவள் தொடங்கியதும் சாவியைத் தள்ளினேன். தள்ளிய கை அப்படியே நின்றது. “ஒண்டுமில்ல” என்று எனக்குச் சொன்ன குரலும், அவனுக்குச் “சொகம்” என்று சொன்ன குரலும் ஒரே குரல்தான். மாமி பக்கத்தில் நிற்கும்போது நான் கேட்டேன். எனக்கு வேண்டிய பதில் கிடைக்கும் நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.

மூன்று நிமிடமும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். காதுக்குள் நாடி அடிப்பது கேட்டது. சாவியைத் திறந்தேன். இருவரும் கதைத்துக்கொண்டிருக்கவில்லை. ரபீக்கா காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“வந்திட்டீங்களா மிஸ்? மாமி கடைக்குள்ள போயிட்டாங்க. அந்த நாடகம் வேணாம். நிப்பாட்டுங்க.”

“என்ன நாடகம்?” என்றான் ஜெமீல்.

“புறகு சொல்றன். மிஸ், நாங்க கதைக்கிறத எத்தன பேரு கேக்கிறீங்க?”

“நானும் மற்ற மிஸ்ஸும்தான்.”

“ரெண்டு பேரு,” என்றாள். அவள் கோபப்படவில்லை. வீட்டில் மாமியோடு சேர்த்து இன்னும் இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டதுபோல இருந்தது.

அடுத்த நாள் காலை தயாரிப்பாளருக்குச் சொன்னேன். காரணம் கேட்டார். சொந்தக் காரணம் என்றேன். “வேறை ஒண்டு எழுதி அனுப்புங்கோ, பாப்பம்,” என்று வைத்துவிட்டார். அந்த ஞாயிறு அந்த நேரத்தில் வேறு யாரோ எழுதிய நாடகம் போனது. நான் கேட்கவில்லை.

திருநாளுக்கு இன்னும் நாலரை மாதம் இருந்தது. அதற்குள் இன்னொரு நாடகம், நூற்றி நாற்பதுக்குக் கீழே பிரசர் என்று மறுபடியும் எனக்கு நானே சொன்னேன். பிரசர் நூற்றி ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. நாடகம்தான் நகரவில்லை. ஒரு வசனம் நல்லாக வந்தால் உடனே, இதை யார் சொன்னது, எந்த இலக்கம் என்று யோசனை ஓடும். ஒரு நாள் கிறிஸ்தோபரையே கேட்டேன்:

“இஞ்சேருங்கோ, ‘அலை இல்லாத நாளிலதான் எனக்கு வயித்தைப் பிரட்டுது’ எண்டு நீங்கள் எப்பவாவது சொன்னனீங்களோ?”

“நல்லா இருக்கெண்டா நான்தான் சொன்னனான். எழுதும்,” என்றார். நான் வெட்டிவிட்டேன்.

நாடகத்தை நிப்பாட்டிய பிறகு வந்த முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் இருநூற்றிப் பதினாலு விழவே இல்லை. மூன்றாவது வெள்ளி, நாலு மணி தாண்டி இருபது நிமிடத்தில் தகடு விழுந்தது. கயிற்றைச் செருகினேன்.

“நீங்களா மிஸ்?”

“ஓம், ரபீக்கா.”

“மற்ற மிஸ் இல்லியா?”

தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிச் சீலாவிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் என் கதிரையில் இருந்தாள். நான் வெளி விறாந்தைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு நின்றேன். உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் இறக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சீலா வெளியே வந்தாள்.

“முடிஞ்சுது அக்கா. ஒன்பது நிமிசம்.”

எப்போதும் ஆறு நிமிடம்தான் கதைப்பார்கள். இந்த முறை இன்னும் மூன்று நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். என்ன கதைத்தார்கள் என்று நான் சீலாவைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் போலத்தான் இருந்தது.