கொக்கி மாட்டியிருந்தது

சவூதியின் அல் கோபாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் ஞானசிங் கிளார்க்காக இருந்தான். விபத்து அறிக்கைகளுக்குப் படம் சேர்ப்பது அவன் வேலை. கேமரா பதிவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சிவப்பில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு, கீழே ஒரு வரி எழுதுவான். ஆறு வருடங்களில் உடைந்த ஏணி, கவிழ்ந்த வண்டி என்று எவ்வளவோ வட்டமிட்டிருக்கிறான். இறந்துபோன ஒருவரை வட்டமிடுவது இதுதான் முதல் முறை.

சாரம் கட்டும் வீரபாண்டி, பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஞாயிறு காலை நான்காவது தட்டிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"பெல்ட்டு கொக்கிய மாட்டாம ஏறியிருக்கான். கொக்கி தனியா கெடக்குற படம் ஒண்ணு எடுத்து வட்டம் போட்டுரு. மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்" என்றார் பாதுகாப்பு மேனேஜர் ஜெயசீலன்.

அந்தப் படம் உடனே கிடைத்தது. விழுந்து கிடந்தவரின் இடுப்பருகே கொக்கி தனியாகக் கிடந்தது. வட்டம் போட்டான். 'கொக்கி மாட்டப்படவில்லை' என்று எழுதப் போனவன் நிறுத்தினான். விழுந்த பிறகு பதிவான படத்தை வைத்து இதை எப்படி எழுதுவது? பதிவைப் பின்னோக்கி நகர்த்தினான்.

மணி 10:42. வீரபாண்டி கையை நீட்டிக் கொக்கியைக் குழாயில் மாட்டுகிறார். ஒருமுறை இழுத்தும் பார்க்கிறார். சற்று நேரத்தில் குழாயே ஒரு முனையில் கழன்று சாய்கிறது. கொக்கி வழுக்கி வெளியே வருகிறது.

மூன்று படங்கள் எடுத்தான். முதல் வட்டம் கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

திரையைப் பார்த்ததும் ஜெயசீலனின் முகம் வெளிறியது.

"இத யாரு எடுக்கச் சொன்னா?"

"அவரு மாட்டியிருக்காரு சார். குழாய்தான் கழண்டிருக்கு."

"அந்தச் சாரத்த செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நான்." குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க ஞானசிங். கடைசிப் படத்த மட்டும் வை."

"அப்படின்னா அறிக்கையில என் பேர எடுத்துருங்க சார். நான் பாத்துட்டேன்."

ஜெயசீலன் எழுந்து வெளியே போனார். ஞானசிங் நான்கு படங்களையும் சேர்த்து அனுப்பினான்.

மறுவாரம் விசாரணைக்கு வந்தவர்கள் அந்தக் குழாயையும் அதை இணைத்திருந்த பிடியையும் கழற்றி எடுத்துப் போனார்கள். ஜெயசீலன் எழுதியிருந்த 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற வரி அறிக்கையிலிருந்து போனது. ஜெயசீலனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊருக்குக் கிளம்பிய அன்று அவர் எல்லோருக்கும் கைகொடுத்தார். ஞானசிங்கின் மேஜைப் பக்கம் மட்டும் வரவில்லை. அன்று முழுக்க அவனால் சாப்பிட முடியவில்லை.

வீரபாண்டியின் மனைவி ராதிகா அவன் நம்பரை எப்படியோ வாங்கிப் போன் செய்தாள்.

"அவுக கொக்கி மாட்டாமத்தேன் ஏறுனாகன்னு இங்க எல்லாரும் பேசுறாக. நெசமாண்ணே?"

"இல்லம்மா. மாட்டியிருந்தாரு. இழுத்தும் பாத்தாரு. நான் பாத்தேன்."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு, "அந்தப் படத்த அனுப்புவீகளா?" என்றாள்.

"ஆபீஸ் படம்மா, வெளிய அனுப்பக் கூடாது."

"சரிண்ணே. அப்ப எங்க மாமாகிட்ட, அவுக அப்பாகிட்ட, நீங்களே ஒருக்காச் சொல்லுங்க. அவர் பக்கத்துலதேன் இருக்காரு."

போன் கைமாறியது. யாரோ இருமும் சத்தம் கேட்டது. ஞானசிங் முதலிலிருந்து நிதானமாகச் சொல்லத் தொடங்கினான்.